அட்டை வீட்டின் ஐந்தாவது யன்னல்

அந்த வீடு காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியலின் வெற்றுப் பெட்டியில் செய்தது. கூரையில் ஒட்டியிருந்த பஞ்சில் பாதி உதிர்ந்துவிட்டது, மிச்சம் பழுப்பாகிவிட்டது. முன்பக்கத்தில் நான்கு யன்னல்கள், கூரைக்குக் கீழே தனியாக இன்னொன்று. நான்கையும் நகத்தால் நெம்பித் திறக்கலாம். உள்ளே ஒட்டிய தாளில், ஏழு வயதுக் கையெழுத்தில் ஒவ்வொரு யன்னலுக்கும் இரண்டொரு வரிகள் இருக்கும். ஐந்தாவது திறக்காது. வெள்ளைத் தாளை மடித்து வெட்டிய ஒரு பனிப்பூவை அதன்மேல் யாரோ ஓரமெல்லாம் பசை பூசி ஒட்டியிருக்கிறார்கள். வீட்டைச் செய்தவள் நான். பூவை ஒட்டியது நானல்ல. லண்டனில் ஒரு ஆரம்பப் பாடசாலையில், அதே ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நான் இப்போது வகுப்பாசிரியை. ஒவ்வொரு மார்கழியும் என் மேசை இழுப்பறையைத் திறந்து இந்த வீட்டைப் பார்ப்பேன், பிறகு மூடிவிடுவேன். பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. எனக்குப் பயம். நாற்பதை நெருங்கும் ஒருத்திக்கு ஒரு சீரியல் பெட்டியைப் பார்த்து என்ன பயம் என்று கேட்டால், கதையை முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் அப்போது லண்டனின் தெற்கே தோர்ண்டன் ஹீத்தில், ரயில் போகும்போது கோப்பைகள் நடுங்கும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா, அப்பா, நான், தம்பி. இந்த வரிசையை நான் நித்திரையிலும் சொல்வேன், ஏனென்றால் அம்மா அப்படிப் பழக்கியிருந்தார். தலை இழுக்கும்போது பின்னாலிருந்து திடீரென்று கேட்பார். "வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" நான் சொல்ல வேண்டும். "அம்மா, அப்பா, நான், தம்பி. நாங்கள் நாலு பேர்தான்." அந்தத் 'தான்' இல்லாவிட்டால் சீப்பால் ஒரு தட்டு விழும். உண்மையில் நாங்கள் ஐந்து பேர். மேல்மாடியின் பின்பக்கத்தில், ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் போட்டால் நிறைந்துவிடும் அறையில் சின்ன மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்து, மேல்முறையீட்டையும் நிராகரித்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கடிதம் போன முகவரியில் அவர் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தார், ஆனால் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஒருவரை வீட்டுக்குள் மறைத்து வைப்பது பெரிய காரியம் என்று நினைக்கிறோம். எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள்தான். எங்கள் வீடுகளில் வாசலில் சப்பாத்து கழற்றுகிறோம் அல்லவா, கதவு திறந்ததும் யார் கண்ணிலும் முதலில் படுவது அந்தச் சப்பாத்து வரிசை. அப்பா பெற்றோல் நிலையத்துக்குப் போடும் கறுப்புச் சப்பாத்தின் பக்கத்தில் இன்னொரு ஆண்பிள்ளைச் சப்பாத்து கிடந்தால் போதும். ஆகவே மாமாவின் சப்பாத்து ஒரு கடைப் பையில் சுற்றி மேலே, கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அழைப்பு மணி அடித்தால் மாமா அலுமாரிக்குள் போய்விடுவார். தபால்காரருக்கும் போவார், வட்டிலப்பம் கொண்டுவரும் பக்கத்துத் தெரு அன்ரிக்கும் போவார். பிறகு கோட்டில் ஒட்டிய பூச்சி உருண்டை வாசத்தோடு வெளியே வந்து, "என்ன பிள்ளை, மகாராணியோ வந்தவா?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்வது நான் சிரித்து முடித்த பிறகுதான்.

அந்த மார்கழியில் எங்கள் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். மெலிந்த, உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. சாம்பல் நிறக் கார்டிகனின் கைக்குள் எப்போதும் ஒரு டிஸ்யூவைச் செருகி வைத்திருப்பார். வெற்றுப் பெட்டியில் பனிக்கால வீடு செய்ய வேண்டும். யன்னல்களை வீட்டிலேயே பெரியவர்கள் வெட்டித்தர வேண்டும். வகுப்பில் பஞ்சு ஒட்டி, மினுக்கத் தூள் தூவி, ஒவ்வொரு யன்னலுக்குள்ளும் யார் இருக்கிறார், அவர் இந்தக் குளிரை எப்படிச் சமாளிக்கிறார் என்று எழுத வேண்டும். எழுதும் ஒவ்வொன்றுக்கும் 'ஏனென்றால்' என்று ஒரு காரணமும் வேண்டும். அதுதான் அந்தக் கிழமைப் பாடம். எங்கள் வீட்டில் சீரியல் சாப்பிடும் வழக்கம் இல்லை. பெட்டிக்காகவே அம்மா ஒன்று வாங்கி, உள்ளிருந்ததைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தம்பிக்குத் தீத்தி முடித்தார். யன்னல்களை மாமாதான் வெட்டினார். ஊரில் கட்டட வரைபடம் கீறும் கந்தோரில் வேலை செய்தவர். சவர அலகை அடிமட்டத்தோடு சேர்த்துப் பிடித்து, ஒரு மயிரிழை விலகாமல் நான்கு யன்னல் வெட்டினார். பிறகு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல ஒண்டு இல்லாட்டி வடிவாயிராது" என்று கூரைக்குக் கீழே இன்னுமொன்று வெட்டினார். அந்த ஐந்தாவது யன்னலை வெட்டியது அவருடைய கைதான். இதை நினைக்காத பனிக்காலம் எனக்கு இல்லை.

வகுப்பில் நான் அம்மாவை எழுதினேன், அப்பாவை எழுதினேன், தம்பியை எழுதினேன், என்னை எழுதினேன். யன்னல் ஒன்று மிச்சம். வெறுமையாக விட்டால் மிஸ் கேட்பார். அம்மா சொல்லக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். எழுதக்கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஏழு வயதுப் புத்திக்கு அது பெரிய வித்தியாசம். ஆகவே அழகாக எழுதினேன். 'இங்கே என் மாமா இருக்கிறார். மணி அடித்தால் அலுமாரிக்குள் போவார். அலுமாரிக்குள் குளிராது, ஏனென்றால் அங்கே நிறையக் கோட்டுகள் இருக்கின்றன.' பச்சைப் பேனையால் மிஸ் ஒரு சரி போட்டார். அவ்வளவு வீடுகளையும் அவசரமாகத் திருத்தியவர், அப்போது 'ஏனென்றால்' இருக்கிறதா என்று மட்டுந்தான் பார்த்திருப்பார். எனக்கோ தலைகால் தெரியாத பெருமை.

அந்தப் பெருமையைப் புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவிழ்த்துவிட்டேன். பிட்டும் முட்டைப் பொரியலும். பெற்றோரை வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து வீடுகளைப் பார்க்கச் சொல்லி மிஸ் கொடுத்த கடிதத்தை அப்பாவிடம் நீட்டிக்கொண்டே, ஐந்து யன்னலிலும் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒப்புவித்தேன். ஐந்தாவதைச் சொல்லி முடித்தபோது வீட்டில் யாரும் மெல்லவில்லை. முதலில் சிரித்தது மாமாதான். "கோட்டுக் கதையையும் எழுதிப்போட்டியோ?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. கடிதத்தை அப்பாவின் கையிலிருந்து பறித்து, அதன் தலைப்பில் இருந்த சின்னத்தை விரலால் தொட்டார். அது எங்கள் பகுதி நிர்வாகமான கவுன்சிலின் சின்னம். வீட்டு வரிக் கடிதத்திலும் பெனிபிட் உதவித்தொகைக் கடிதத்திலும் இருக்கும் அதே சின்னம். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும், ஆனால் சின்னங்களை நன்றாகத் தெரியும். "பள்ளிக்கூடமும் கவுன்சிலும் ஒண்டு. கவுன்சிலும் இமிகிரேஷனும் ஒண்டு. பிள்ளை எழுதினது இப்ப அங்க போயிருக்கும்" என்றார். அப்படியில்லை என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் பிள்ளைகளின் சித்திரங்களைக் கவுன்சிலுக்கு அனுப்புவதில்லை என்று இன்று நான் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அன்று அந்த மேசையில் இருந்த யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

போய்த் திருப்பிக் கேட்கலாமா என்றார் அம்மா. கேட்டால்தான் சந்தேகம் வரும் என்றார் அப்பா. கடைசியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. வியாழக்கிழமை எப்படியாவது அட்டை வீட்டைப் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். மத்தியான இடைவேளையில் எல்லோரும் வெளியே ஓடியபோது நான் மட்டும் தாழ்வாரத்தில் நின்றேன். நீலத் தாள் ஒட்டிய சுவரில் இருபத்தெட்டு வீடுகள். என்னுடையது மேல் வரிசையில், ஆபீஸ் கதவுக்குப் பக்கத்தில். அந்தக் கதவுக்குள் யாரோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன். சுவரோரம் கிடந்த வாங்கின்மேல் ஏறினேன், எட்டவில்லை. குதித்தேன், விரல் நுனியில் பஞ்சு மட்டும் வந்தது. திரும்பினால் மிஸ். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, என்ன வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். மணி அடித்தால் அலுமாரிக்குள் போவதுபோல, கேள்வி கேட்டால் என் வாயிலிருந்து வரும் பதில் ஒன்றுதான். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். "நாங்கள் நாலு பேர்தான், மிஸ்." மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுவரிலிருந்த வீட்டைப் பார்த்தார். என்னை வாங்கிலிருந்து தூக்கி இறக்கி, கோட்டின் பொத்தானைப் பூட்டி வெளியே விளையாட அனுப்பினார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். மிஸ்ஸிடம் பிடிபட்டதையும் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை, அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை நான் படியிறங்கி வந்தபோது வெளியே இன்னும் விடியவில்லை. வாசலில் அப்பாவின் கறுப்புச் சப்பாத்துக்குப் பக்கத்தில் மாமாவின் சப்பாத்து இருந்தது. பழுப்பு நிறம், நாடா கட்டியது. அதை அந்த இடத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. பார்த்தவுடன் விளங்கிவிட்டது. மாமா இரண்டு சுவெட்டரும் அப்பாவின் பழைய ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். லண்டனின் மறுபக்கம், சவுத்தாலில் தெரிந்த ஒருவரின் கடைக்குப் பின்னால் படுக்க இடம் இருக்கிறதாம், பொங்கலுக்குள் வந்துவிடுவாராம். அம்மா குசினிக்குள்ளேயே நின்று, வெளியே வராமல், "தம்பி, போய்ச் சேர்ந்தவுடன போன் எடு" என்றார். மாமா குந்தி நாடாவைக் கட்டும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் அவர் என் மூக்கைப் பிடித்து, "யன்னல் எல்லாம் ஒழுங்காத் திறக்குதோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். கதவு சாத்தியபோது உள்ளே வந்த குளிர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றது.

அன்று பின்னேரம் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பொலிஸ் நிற்கும் என்று எதிர்பார்த்து, தம்பியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்தார். நின்றதெல்லாம் மற்றப் பிள்ளைகளின் தாய்மாரும், ஒரு தட்டில் பிஸ்கட்டும்தான். என் வீட்டைக் காட்டினேன். முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஐந்தாவது யன்னலின்மேல் ஒரு பெரிய பனிப்பூ. மற்ற எந்த வீட்டிலும் அப்படியொன்று இல்லை. அம்மா எட்டி, நகத்தை ஓரத்தில் விட்டுப் பார்த்தார். அசையவில்லை. மற்றப் பக்கமும் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த சின்னப்பிள்ளைக் கதிரையில் இருந்துவிட்டார். மிஸ் அந்தப் பக்கம் நின்று வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கார்டிகன் கையிலிருந்த டிஸ்யூவை எடுத்து, மூக்கைத் துடைத்து, திரும்பச் செருகினார். எங்கள் பக்கம் ஒருமுறைதான் பார்த்தார். அம்மாவுக்கு அவரிடம் கேட்க ஆங்கிலம் இல்லை. மிஸ்ஸுக்கு யன்னலை ஒட்டிவிட்டதை வியாழக்கிழமையே சொல்லி அனுப்ப எங்கள் மொழி இல்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளையிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்திருப்பார். இன்று நானும் அதைத்தான் யோசிப்பேன்.

வீட்டுக்கு ஓடிவந்து சவுத்தாலுக்குப் போன் எடுத்தார் அம்மா. யன்னல் ஒட்டியிருக்கிறது, ஒருவரும் வாசிக்கவில்லை, திரும்பி வா என்று கத்தினார். மாமாவுக்கு அங்கே பெட்டி அடுக்குகிற வேலை கிடைத்திருந்தது. சாப்பாடும் தருகிறார்கள், பொங்கலுக்கு வாறன் அக்கா என்றார். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்தக் கடைக்கு இமிகிரேஷன்காரர்கள் வந்தார்கள். அவரைத் தேடி வரவில்லை, வேறு யாரையோ தேடி வந்தவர்கள். அந்த அறையில் அலுமாரி இல்லை. மாசி முடிவதற்குள் ஊருக்கு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இறங்கிய இடத்தில் பொலிசார் அவரைப் பிடித்து எங்கே கொண்டுபோனார்கள், எத்தனை மாதம் வைத்திருந்தார்கள் என்று அவர் இன்றுவரை எங்களுக்குச் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருக்கிறார், கல்யாணம் கட்டியிருக்கிறார், வீடியோ அழைப்பில் வந்து என் தலைமயிர் நரைப்பதைப் பற்றிப் பகிடி விடுவார். அவருடைய வலது கையில் மூன்று விரல் மடங்காது. கோப்பையை இடது கையால்தான் பிடிப்பார். ஒருமுறை நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, என்னால்தான் மாமா என்று அழுதேன். "விசர்க்கதை கதையாத. நான் வெட்டின யன்னல் நேரா இருந்ததோ இல்லையோ, அதைச் சொல்லு" என்றார்.

மிஸ்ஸை நான் பிறகு எங்கும் காணவில்லை. அவர்மேல் எனக்கு நன்றியும் உண்டு, கோபமும் உண்டு, இரண்டும் ஒன்றையொன்று தின்று முடிக்கவில்லை. நானே ஆசிரியை ஆனபோது இந்தப் பனிக்கால வீட்டை விடவில்லை. ஆனால் ஒரு சட்டம் வைத்தேன். என் வகுப்பு வீடுகளில் மிருகங்கள் மட்டுந்தான் குடியிருக்கலாம். பென்குயின், நரி, முள்ளம்பன்றி, என்னவும் இருக்கட்டும். மனிதர்கள் கூடாது. சக ஆசிரியைகள் இது நல்ல கற்பனைப் பயிற்சி என்று பாராட்டுகிறார்கள்.

இந்த மார்கழியில், பிள்ளைகள் செய்த வீடுகளை அடுக்கித் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருக்கும், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளையின் வீடு கைக்கு வந்தது. எங்கள் தமிழ் ஆட்கள்தான். முதல் மூன்று யன்னலில் முயல் அம்மா, முயல் அப்பா, முயல் குட்டி. மேல் யன்னலைத் திறந்தேன். 'இங்கே ஒரு கரடி இருக்கிறது. கரடி யன்னல் பக்கம் வரக்கூடாது. மணி அடித்தால் கரடி கட்டிலுக்குக் கீழே போகும், ஏனென்றால் கரடியை எண்ணக்கூடாது.' கையிலிருந்த பச்சைப் பேனையை மேசையில் வைத்துவிட்டேன். மறுபடி அந்த வாங்கின்மேல் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை நான். ஒரு பிள்ளைக்கு வீட்டில் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் உடனே மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அது என் கடமை. அதில் எனக்குக் கேள்வியே இல்லை. ஆகவே அந்தப் பிள்ளையை என் பக்கத்தில் இருத்தி, மற்றப் பிள்ளைகளிடம் கேட்பதுபோலவே கேட்டேன். உனக்குக் கரடியைக் கண்டால் பயமா? பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இல்லை மிஸ். கரடி எனக்குப் பின்னல் போட்டுவிடும். கரடிக்குத்தான் பயம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பிள்ளைகள் வெளியே விளையாடப் போன பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மடித்தேன். கத்தரிக்கோல் நேராகப் போகவில்லை. பூவை யன்னலின்மேல் வைத்து ஓரமெல்லாம் பசை பூசி அழுத்தினேன். அப்போதுதான் அந்த ஆளில்லாத தாழ்வாரத்தில் எங்கள் மிஸ் எப்படி நின்றிருப்பார், ஆபீஸ் கதவை எத்தனை தரம் திரும்பிப் பார்த்திருப்பார் என்று எனக்கு விளங்கியது. ஆனால் ஒட்டினால் மட்டும் போதாது என்பதையும் எங்கள் வீடுதான் எனக்குப் படிப்பித்தது. பிள்ளை இன்று போய் வீட்டில் சொல்வாள். நாளை காலை இன்னொரு சப்பாத்து வாசலுக்கு வரும்.

மூன்றே காலுக்கு வாசலில் அந்தத் தாய் நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், கடையில் ஷிப்ட் முடிந்து வந்த சீருடையோடு நின்றார். வழமையாக அவரோடு ஆங்கிலத்தில்தான் பேசுவேன். அன்று அவருக்குக் கிட்டப் போய், மெல்லத் தமிழில் சொன்னேன். "தங்கச்சி, பிள்ளையின்ர அட்டை வீடு நல்ல வடிவா வந்திருக்கு. மேல் யன்னலில ஒரு பனிப்பூ ஒட்டிவிட்டிருக்கிறன். அது இனித் திறக்காது. நான் மட்டும்தான் வாசிச்சனான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்." அவர் பிள்ளையின் தொப்பியைப் பிடித்துத் தன்னோடு இழுத்துக்கொண்டார். பிறகு, நான் கேட்காத கேள்விக்கு, எனக்கு நன்றாகப் பழகிய பதிலைச் சொன்னார்.

"எங்கட வீட்டில நாங்கள் மூண்டு பேர்தான், மிஸ்."

"ஓம் தங்கச்சி" என்றேன். "மூண்டு பேர்தான்."

அவர் திரும்பி, பேருந்துத் தரிப்பை நோக்கி வேகமாக நடந்தார். சொன்னது உதவியா, இன்னுமொருவரைக் குளிருக்குள் துரத்திவிட்டேனா என்று தெரியவில்லை. மறுநாள் காலை இழுப்பறையைத் திறந்து, என் அட்டை வீட்டின் ஐந்தாவது யன்னலை வழக்கம்போல நகத்தால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, வரவு கூப்பிடத் தொடங்கினேன். அந்தப் பெயர் வந்தபோது தலையை நிமிர்த்தப் பயந்து, கணினித் திரையைப் பார்த்தபடியே கூப்பிட்டேன்.

"யெஸ், மிஸ்" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பின்னல் இரண்டும் புதிதாக, இறுக்கமாகப் போட்டிருந்தது.